திரையில் உடையாத கரை

திருவாரூரில் ஒரு சின்ன கேபிள் சேனலில் நான்தான் ஒளிபரப்புப் பொறியாளர். மழைக்காலம் வந்தாலே எனக்குப் பெரும்பாடுதான். வெளியே எடுக்கும் வீடியோவைச் சுருக்கி நிலையத்துக்கு அனுப்பும்போது முழுப்படம் எப்போதாவதுதான் போகும்; நடுவில் படத்தில் மாறிய பகுதிகள் மட்டும் போகும். மழையிலோ எல்லாமே மாறிக்கொண்டிருக்கும், செல்போன் சிக்னல் பாதி வழியில் செத்துவிடும். திரை முழுக்கப் படம் கட்டம் கட்டமாகச் சிதறும். "கட்டம் வந்தா ஜனங்க சேனலை மாத்திடுவாங்கம்மா" என்று முதலாளி என்னைப் பிடுங்கி எடுத்தார்.

அதனால் படத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்து அனுப்பினேன். ஒரு பட்டை தொலைந்தால் அந்த இடத்தில் பழைய பட்டையே நிற்கும். பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

அந்த ஐப்பசியில் ஆறு கரையைத் தொட்டு ஓடியது. நன்னிலம் பக்கம் அந்தக் கரையோரம்தான் என் தம்பி வீடு, கைக்குழந்தை, கொட்டிலில் ஒரு மாடு வேறு. மதகுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் கேமராவை வைத்துக் கரையை நேரலையில் காட்டிக்கொண்டிருந்தோம். பிற்பகலில் அங்கிருந்து கேமராமேன் போன் செய்தார். "மேடம், கரை ஒடப்பெடுத்துருச்சு!"

திரையைப் பார்த்தேன். கரை முழுசாக நின்றது. மேல்பட்டைகள் மட்டும்தான் வந்துகொண்டிருந்தன. தென்னை மட்டை ஆடியது. கீழே இருந்தது எப்போதோ வந்த பழைய கரை. எழுத்துச் செய்தி ஓடவிடச் சொல்லிவிட்டுத் தம்பியை அழைத்தேன்.

"கெளம்புடா, கரை போயிருச்சு!"

"என்னக்கா சொல்ற? உங்க சேனலைத்தான் பாத்துட்டிருக்கேன். எழுத்து ஓடுது, ஆனா கரை கண்ணு முன்னாடி நிக்குதே. தென்னை ஆடுறதுகூடத் தெரியுது. யாரோ புரளி கெளப்புறாங்க."

போனைக் காதில் வைத்தபடியே, பழையதை நிரப்புகிற வேலையை நிறுத்தப் போனேன். முதலாளி குறுக்கே வந்தார். "இப்பத்தான் ஊரே நம்மளப் பாக்குது. படத்தைக் கெடுக்காதீங்கம்மா." பாழாய்ப்போன படம்! அவரைத் தள்ளிவிட்டு அதை அணைத்தேன். திரையின் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகிவிட்டது.

"அக்கா, படம் போயிருச்சே."

"டிவியை விட்டுட்டு வாசலைப் பாருடா பாவி!"

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "ஐயோ" என்றான். லைன் அறுந்தது.

மறுநாள்தான் பள்ளிக்கூட மாடியிலிருந்து யாருடைய போனிலோ பேசினான். அதுவரை என் உயிர் என்னிடம் இல்லை. குழந்தைக்கு ஒன்றுமில்லை என்றான். அப்புறம் அழுதான்.

"மாட்டை அவுத்துவிட நேரம் இருந்துச்சுக்கா. டிவியப் பாத்து நம்பிட்டேன்."