கான்ட்ராக்டா, பர்மனன்ட்டா?

நெய்வேலி பேருந்து நிலையத்தில் காலைப் பனி இன்னும் கலையவில்லை. கூழ் வண்டியிலிருந்து எழும் ஆவி பனியோடு கலந்து போகிறது. நான் தூக்கத்திலேயே நடந்து வந்ததுபோல் இருக்கிறது.

"கான்ட்ராக்டா, பர்மனன்ட்டாங்க?" என்கிறார் வண்டிக்கார அம்மா.

"நான் இங்க வேலை செய்யலைங்க," என்கிறேன் கூச்சத்துடன்.

சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள்.

"கூழு கான்ட்ராக்டுங்க, பத்து மணிக்கே பசிச்சிடும். களிதான் பர்மனன்ட்டு, சாயங்காலம் வரைக்கும் வவுத்துல நிக்கும்," என்கிறார் அம்மா.

களி கேட்கிறேன். கொதிக்கும் நீரில் கேழ்வரகு மாவைக் கொட்டி, மரத்துடுப்பால் கிளறி, கையை நனைத்து உருட்டித் தருகிறார். தொட்டுக்கொள்ள, பூண்டு தட்டிப் போட்டு வதக்கிய முருங்கைக்கீரை. அந்த மணத்தில் கண் சொக்குகிறது.

சலவைச் சட்டையில் அவர் கணவர் வருகிறார். சுரங்கத்தில் பல வருடமாகக் கான்ட்ராக்ட் வேலை. நிரந்தர வேலைக்கு இன்றைக்கு இன்டர்வியூவாம்.

"பயத்துல எதுவும் எறங்காதுடி. ஒரு சொம்பு கூழு குடு, போதும்."

"இன்னிக்குப் போயி கூழா? வாயக் கழுவு!" என்று தட்டில் களியை வைக்கிறார் அம்மா.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. என் பேருந்து வந்து நிற்கிறது. அந்த மனிதர் கடைசிக் கவளத்தை விழுங்கும்வரை எனக்கு நகர மனம் வரவில்லை.