எச்சில் ரப்பர்

என் வீட்டுக்காரர் கடலில் முங்கிச் சங்கு எடுத்துப் பிழைத்தவர். சங்கு குளிக்கிற ஆளுக்குத் திருப்பூர்ச் சாயப்பட்டறையில் என்ன வேலை என்று கேட்காதவர்களே கிடையாது. பட்டறைக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, ஒரு வீட்டையே உள்ளே இறக்கலாம். அடியில் சேறு கட்டும், பாசியும் குப்பையும் சேர்ந்து பம்பின் வாயை அடைக்கும். தொட்டியைக் காலி செய்து கழுவினால் மிஷின் எல்லாம் நிற்க வேண்டும். முதலாளிக்கு அது ஆகாது. அதனால் முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, ரப்பரை வாயில் கடித்து மூச்சு விட்டபடி என் புருஷன் உள்ளே இறங்குவார். இடுப்பில் கட்டிய கயிற்றை மேலே ஒருவர் பிடித்திருப்பார்.

அந்த ரப்பரை அவர் தாங்கின மாதிரி என்னைத் தாங்கியிருந்தால் நான் ராணி. சிலிண்டரும் ரப்பருமான அந்தச் செட்டைப் பட்டறையில் விடாமல் வேலம்பாளையத்து லைன் வீட்டுக்கே கொண்டு வந்துவிடுவார். குடிக்கிற தண்ணீரில் அலசுவார். வெதுவெதுப்பான தண்ணீரில் துளி சோப்பு விட்டு ஊறவைப்பார். உள்ளே வெங்காயத் தோல் கனத்தில் ஒரு மூடி இருக்கும். விட்ட மூச்சை வெளியே தள்ளிவிட்டு, தண்ணீர் உள்ளே வராமல் மூடிக்கொள்வது அதுதான். அதை விரலால் தடவித் தடவிப் பார்த்து, ரப்பரை வெயில் படாத கொடியில் தொங்கவிடுவார்.

"இதுக்கு ஒரு தாலியும் கட்டிருங்க" என்பேன்.

"ஏட்டி, சும்மா கெட. இது கெட்டா உன் தாலிதான் போவும்" என்பார். என்ன வாயோ அந்த மனுஷனுக்கு.

அந்த ரப்பர் அவர் ஒருவர் வாயோடு நின்றிருந்தால் பரவாயில்லை. முதலாளியின் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பட்டறை வைத்திருக்கிறார்கள். ஒருத்தருக்குத் தொட்டி அடைத்தால் உடனே ஃபோன் வரும். முதலாளி தங்கமான மனுஷர், சொந்தத்துக்கு இல்லையென்று சொல்லத் தெரியாது. "டிரைவரை அனுப்பறனுங்க, செட்டைக் குடுத்துடுங்க" என்று எங்களிடம் சொல்வார். ஊரார் வீட்டு நெய்யே, எம் பொண்டாட்டி கையே என்கிற கதைதான். போன செட்டு எவன் எவனோ கடித்த பல்தடத்தோடும் பாக்குக் கறையோடும் திரும்பி வரும். இவர் உட்கார்ந்து கழுவுவார். எப்படிக் கழுவினாலும் அடுத்த வாரம் தொண்டைக்கட்டும் சளியும் வந்துவிடும்.

ஆளுக்கொரு வாய்ரப்பர் வாங்கிக் கொடுத்தால் போதும், அதை மாட்டிக் கழற்றிக்கொள்ளலாம் என்று இவர் முதலாளியிடம் எத்தனையோ தடவை கெஞ்சினார். "வாங்கிடலாமுங்க, அதுக்கென்னுங்க" என்று பதில் வரும். வாங்கத்தான் மாட்டார்கள். இத்தனைக்கும் அந்த வீட்டில் ஒருத்தர் குடித்த சொம்பை இன்னொருத்தர் கழுவாமல் தொட மாட்டார்கள். எல்லாரும் அண்ணாந்துதான் குடிப்பார்கள். நல்ல பழக்கம்தான், நானும் அப்படித்தான் வளர்ந்தேன். அந்த எச்சில் கணக்கு தொட்டிக்குள் இறங்குகிறவனுக்கு மட்டும் எப்படி இல்லாமல் போகும்?

கடைசியாகச் செட்டு மங்கலத்துக்குப் போனது. அங்கே முதலாளி சம்சாரத்தின் தம்பி சாயப்பட்டறையோடு பனியன் கம்பெனியும் வைத்திருக்கிறார். அங்கிருந்து செட்டு வீட்டுக்கு வரவில்லை, நேராகப் பட்டறைக்கு வந்தது. வந்த நேரத்தில் இங்கே பம்ப் அடைத்து, சாயத்தில் துணி பாதியில் நிற்கிறது. கலர் போய்விடும் என்று சூப்பர்வைசர் குதிக்கிறார். கயிறு பிடித்தவர் பிறகு ஆஸ்பத்திரி வாசலில் அழுதபடி எனக்குச் சொன்னார்: "கழுவிட்டு எறங்கறேன்னுதான் அண்ணன் சொன்னாருக்கா. சூப்பர்வைசர்தான் விடல. 'கழுவித்தானுங்க வந்திருக்குது, எப்படி மினுங்குது பாருங்க'ன்னாரு. அண்ணன் வாயில வச்சுப் பாத்துட்டு, 'என்னடே, சென்ட் வாசம் அடிக்கி'ன்னு சிரிச்சாரு."

மினுங்கத்தான் செய்தது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பி இறங்கிவிட்டார். அடியில் போய் வேலையில் கை வைத்ததும் மூச்சோடு தண்ணீரும் உள்ளே வந்திருக்கிறது. மேலே இழுத்துப் போட்டபோது நுரை தள்ளியதாம்.

நான் வேறொரு பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் துணி பார்த்துக்கொண்டிருந்தவள், போட்டது போட்டபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவர் பேச்சில்லாமல் கிடந்தார். செட்டையும் ஆட்டோவில் அவரோடேயே ஏற்றி அனுப்பியிருந்தார்கள். ரப்பரைத் தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. சென்ட்டுக்கு அடியில் இன்னொரு வாடை. ஐயோ, அந்த வாடையை நான் தினமும் மூக்கில் வாங்குகிறேனே! பனியனில் எண்ணெய்க் கறை பட்டால் துப்பாக்கி மாதிரி ஒரு கன் வைத்து மருந்து பீச்சி அடிப்பார்கள், கறை மாயமாகப் போய்விடும். அந்த மருந்து. உள்ளே இருந்த மூடி ஊறி உப்பி, அப்பளம் மாதிரி ஓரம் சுருண்டு நின்றது.

முதலாளி ஓடி வந்தார். குறை சொல்லக் கூடாது, முகமெல்லாம் வேர்த்திருந்தது. நான் ரப்பரை நீட்டியதும் அங்கேயே மச்சினனுக்கு ஃபோன் போட்டு, நானும் கேட்கிற மாதிரி வைத்தார்.

"அதுங்களா மாமா? எச்சலோட திருப்பிக் குடுத்தா மரியாதையா இருக்குமுங்களா? அதான் செக்கிங்குல குடுத்து, கறை எடுக்கற கன்னுல நல்லா அடிச்சுத் தொடைக்கச் சொன்னனுங்க. சென்ட்டும் போட்டுத்தானுங்க உட்டேன்."

குரலில் துளி கெட்ட எண்ணம் இல்லை. இரவல் வாங்கின பாத்திரத்தைப் பளபளவென்று தேய்த்துக் கொடுக்கிற நல்ல வளர்ப்பு. யாரை அடிப்பேன்? ஆஸ்பத்திரி சுவரில்தான் முட்டிக்கொண்டேன்.

உயிரைப் பிடித்துக் கொடுத்தார்கள். இனி தண்ணீருக்குள் இறங்கவே கூடாது, நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு மூச்சில் கடலின் அடியைத் தொட்டு வந்தவருக்குக் கட்டிலிலிருந்து வாசல் வரைக்கும் வர மூச்சு போதவில்லை. சுவரைப் பிடித்து நின்று நின்றுதான் நடக்கிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எவன் குடும்பத்துக்காவது மண்ணை வாரித் தூற்ற வேண்டும் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகு முதலாளி பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் ஆறுதல் சொன்னார். பிறகு என்னைப் பார்த்துத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அம்மிணி, தப்பா நெனைக்காதீங்க. அந்தச் செட்டு இங்கதானுங்களே இருக்குது? உள்ள இருக்கற மூடிய மட்டும் புதுசா வாங்கியாந்துட்டனுங்க, மாட்டிக்கலாம். மங்கலத்துல மறுபடியும் அடைச்சுக்கிச்சாமா."

கட்டிலுக்கு அடியிலிருந்து செட்டை இழுத்து ரப்பரை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"கொண்டு போங்க மொதலாளி. ஒரே ஒரு தடவை இத நீங்க வாயில வச்சு மூச்சு விட்டுக் காட்டிட்டுக் கொண்டு போங்க."

அவர் கோபப்படவில்லை. முகத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டு, நிஜமாகவே எனக்குப் புரியவில்லையோ என்கிற மாதிரி பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, அது எச்சலாச்சுங்களே."

கட்டிலிலிருந்து இவர்தான் இழுத்து இழுத்துப் பேசினார். "ஏட்டி... நல்ல தண்ணியில... கழுவிக் குடு."

"கழுவறதா? உமக்குப் புத்தி இருக்கா? இவங்களுக்கா?"

"அவரா... வாயில வைக்கப் போறாரு?"

நான் ரப்பரை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். வாய்க்கு வந்தபடி எல்லாரையும் ஏசிக்கொண்டே, அவர் கழுவுகிற மாதிரியே கழுவினேன். அதைக் கடித்துக்கொண்டு இறங்கப்போகிறவன் எவளோ ஒருத்தியின் புருஷன்.