வாசித்து விளங்கிக்கொண்டேன்

கொழும்பில், யோகேஸ்வரி கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வெள்ளவத்தை அலுவலகத்துக்கு வரத் தொடங்கிப் பதினேழு வருடங்கள். பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிக்கான விண்ணப்பங்களைத் தமிழ்க் கவுண்டரில் வாங்குவது அவள் வேலை. கம்ப்யூட்டர் வந்தபோது மூன்று நாள் பயிற்சிக்குச் சிங்களக் கவுண்டர் ஆதிபாவை அனுப்பினார்கள். தமிழ்க் கவுண்டரில் இவளை விட்டால் ஆள் இல்லையாம். ஆதிபாவின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்து, கொப்பியில் எழுதி, தானாகவே பழகிக்கொண்டாள். அடுத்த மாதம் பதவியுயர்வுக்கான நேர்முகம். அவளுக்கு அதுதான் முதல் தடவை.

மேலிடத்து உத்தரவுகளோடு சிங்களத்தில் மட்டும் வரும் சுற்றுநிருபங்கள்தான் சங்கடம். சிங்களம் தாராளமாகப் பேசுவாள். அரச கடிதச் சிங்களத்தை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். அவை ஒரு புத்தகத்தில் ஒட்டப்பட்டு வரும். அடியில், 'வாசித்து விளங்கிக்கொண்டேன்' என்று எல்லோரும் கையொப்பமிட வேண்டும். ஓய்வுபெற இருக்கும் பியூன் ஸைத் அதைச் சோற்றுப் பார்சல் பிரிக்கும் நேரம் பார்த்துக் கொண்டுவருவார்.

"கெதியா ஒரு சைன் வெச்சித் தாங்க, தங்கச்சி."

"ஸைத் நானா, இதுல என்ன எழுதியிருக்கு?"

"அது விளங்கினா நான் ஏன் பியூனா இருக்கேன்? பதினொரு பேர் வெச்சிட்டாங்க."

பார்சலை ஒதுக்கிவிட்டுக் கையொப்பமிட்டாள்.

முதலாம் திகதியிலிருந்து பழைய படிவம் செல்லாது என்பதுதான் அதில் இருந்த செய்தி. அவள் இரண்டு வாரம் பழைய படிவங்களையே வாங்கிச் சீல் குத்தினாள். அத்தனையும் திரும்பி வந்தன. அன்றைய வேலையை விட்டுவிட்டுக் கிராண்ட்பாஸிலிருந்து வந்த பழனிமுத்து தன் படிவத்தைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தார்.

"ஏம்மா, நீங்கதானே சரின்னு சீல் குத்துனீங்க? மகள ஸ்கூல்ல சேக்கிற தேதி நேத்தோட போச்சி!"

அவளுடைய மேலதிகாரி சுற்றுநிருபப் புத்தகத்தைத் திறந்து பேனாவால் தொட்டுக் காட்டினார்.

"இது உங்கள் கையொப்பம்தானே, மிஸ்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

தமிழில் ஒரு வரி தந்திருந்தால், என்று தொடங்கினாள்.

"விளங்கவில்லையென்றால் ஏன் கையொப்பமிட்டீர்கள்?"

அத்தோடு, 'பொதுமக்களுடன் தொடர்பாடல்' என்ற ஒருநாள் பயிற்சிக்கு அவளை அனுப்பினார். பதினேழு வருடத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் பயிற்சி. அதுவும் சிங்களத்தில்தான் நடந்தது.

முடிவில் கொடுத்த கருத்துப் படிவத்தில் மட்டும் தமிழ் இருந்தது. மேலதிகாரியின் அறிவுறுத்தல்கள் உங்களுக்குத் தெளிவாகக் கிடைக்கின்றனவா? வேலையில் திருப்தியா? இரண்டு தரம் வாசித்தாள். படிவம் போய்ச் சேர்வது அதே அதிகாரியின் மேசைக்கு. நேர்முகக் குழுவிலும் அவர் இருப்பார்.

எல்லாக் கேள்விக்கும் 'மிகவும் திருப்தி' என்ற கட்டத்தில் அடையாளமிட்டாள். பிறகு, ஒரு சொல் விடாமல் வாசித்து விளங்கிக்கொண்ட அந்தத் தாளின் அடியில் கையொப்பமிட்டாள்.