கரண்ட் போவதற்குள் ஒரு கல்யாணம்

பதிமூன்று வயதில் ஒரு கம்ப்யூட்டரின் பிராசசரைக் கையால் முடுக்கி, அதை எரிக்காமலும் காப்பாற்றிய பெண் பிள்ளை சூலூரில் என்னைத் தவிர வேறு யாராவது உண்டென்றால் கையைத் தூக்கலாம். இதுவரை யாரும் தூக்கவில்லை. அதனால் அந்தப் பெருமையை நானே வைத்துக்கொண்டிருக்கிறேன். இன்று கோயம்புத்தூரில் நல்ல வேலையில்தான் இருக்கிறேன், வருஷத்துக்கு ஒருமுறை மேடைக்குக் கூப்பிட்டுக் கண்ணாடிக் கேடயமும் தருகிறார்கள். அந்த மே மாத மத்தியானத்துக்கு முன்னால் அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

சித்தப்பா கல்யாண வீடியோ எடுப்பவர். சூலூர் வீட்டின் மாடியில், சிமெண்ட் அட்டை வேய்ந்த அறைதான் அவருடைய மிக்ஸிங் ரூம். எடுத்து வந்ததையெல்லாம் கோத்து, பாட்டுச் சேர்த்து, மணமக்களைச் சுற்றி ரோஜாப்பூ விரிய வைத்து, கடைசியில் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்தால் அது எல்லாவற்றையும் ஒரே படமாக ஆக்கிக் கொடுக்கும். அதற்கு ரெண்டரிங் என்று பெயர். எங்கள் பக்கத்துக் கல்யாண வீடியோவில் எதையும் வெட்ட முடியாது. மாமன், மச்சான், பங்காளி என்று அரிசி போட்டு ஆசீர்வாதம் செய்த அத்தனை பேரும் முழுசாக வந்தாக வேண்டும். ஒரு பெரியப்பா விட்டுப்போனாலும் போச்சு, அந்த வீட்டு விசேஷத்துக்கு அவர் அப்புறம் வரமாட்டார். ஆகவே ஒரு கல்யாணத்தை ரெண்டர் செய்ய மூன்று மணி இருபது நிமிஷம் பிடித்தது.

கரண்ட்டோ மூன்று மணி நேரம்தான் இருக்கும். மின்வெட்டு தலைவிரித்தாடிய காலம் அது. மூன்று மணி நேரம் வரும், இரண்டு மணி நேரம் போகும், ராத்திரி பகல் பேதமில்லை. யு.பி.எஸ். பத்து நிமிஷம் இழுத்துப் பிடிக்கும். சரியாகத் தொண்ணூற்றைந்து சதவீதத்தில் எல்லாம் அணைந்துவிடும், மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு துண்டாகச் செய்து ஒட்டிப் பார்த்தார் சித்தப்பா. ஒட்டிய இடத்தில் கெட்டிமேளம் விக்கியது என்று ஒரு வீட்டார் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். பக்கத்து லேத் பட்டறை ஜெனரேட்டரிலிருந்து ஒயர் இழுத்துப் பார்த்ததில் பவர் சப்ளை புகைந்ததுதான் மிச்சம்.

இந்த நிலைமையில் ஒரு மாப்பிள்ளை வீட்டாருக்கு இரண்டு தடவை வாய்தா சொல்லியாகிவிட்டது. பெண்ணும் மாப்பிள்ளையும் வெள்ளிக்கிழமை விடிகாலை விமானம் ஏறுகிறார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் டிவிடி கைக்கு வரவில்லையென்றால் பல்லடம் வரைக்கும் பரவிக் கிடந்த அவர்கள் சொந்தத்தில் ஒருத்தரும் இனிமேல் சித்தப்பாவைக் கூப்பிட மாட்டார்கள். சித்தப்பா சோறு இறங்காமல் திரிந்தார்.

பரீட்சை லீவுக்கு அங்கே வந்திருந்த நான்தான் வழி கண்டுபிடித்தேன். பிரவுசிங் சென்டரில் எதையோ தேடப்போய், பிராசசரை அதன் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலே ஓட்டலாம் என்று படித்தேன். பதினொரு பக்கம் பிரிண்ட் எடுத்து, அகராதியை வைத்து இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். கணக்கு எனக்குச் சட்டென்று பிடிபட்டது. எங்கள் பிராசசரின் வேகம் என்பது இருநூறு என்ற அடிப்படை எண்ணைப் பதினொன்றால் பெருக்கி வருவது. பதினொன்றைத் தொட முடியாது, இருநூறைத் தொடலாம். அதை இருநூற்று முப்பது ஆக்கினால் மூன்று மணி இருபது நிமிஷ வேலை இரண்டு மணி ஐம்பத்து நாலு நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆறு நிமிஷம் கையில் மிஞ்சும்.

"எரிஞ்சு கிரிஞ்சு போச்சுன்னா என்ற பொழப்பே போச்சு கண்ணு," என்றார் சித்தப்பா. ஆனாலும் நாற்காலியை விட்டு எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். அவருக்கு அந்த நேரத்தில் வேறு போக்கிடம் இல்லை என்பது வேறு விஷயம்.

முதலில் பெட்டியைத் திறந்தேன். சுற்றிலும் விசைத்தறி ஓடுகிற ஊர் இல்லையா, பிராசசர் மேலிருந்த விசிறியில் பஞ்சு மெத்தை மாதிரி படிந்து கிடந்தது. பெயிண்ட் பிரஷ்ஷால் கூட்டி எடுத்து, பிராசசரின் சூட்டை வெளியே கடத்துவதற்காக வைத்துக் காய்ந்துபோன பழைய பசையைச் சுரண்டிவிட்டு, புதுப் பசையைத் துவரம்பருப்பு அளவுக்கு மட்டும் வைத்தேன். நிறைய அப்பினால் நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு, அது தப்பு. மெமரியின் வேகமும் அந்த இருநூறோடு சேர்ந்து ஏறும் என்பதால் அதை ஒரு படி இறக்கினேன். பிறகு அடிப்படை எண்ணை ஐந்து ஐந்தாக ஏற்றினேன். ஒவ்வொரு ஐந்துக்கும் அரை மணி நேரம் கடினமான கணக்குகளைக் கொடுத்து ஓடவிட்டு, சூடு எத்தனை டிகிரி என்று நோட்டில் எழுதினேன். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், எழுபத்தைந்தைத் தாண்டினால் நிறுத்திவிட வேண்டும், இந்த இரண்டையும் நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தேன்.

இருநூற்று இருபத்தைந்தில் மிஷின் உறைந்து நின்றது. மின்னழுத்தத்தை ஒரே ஒரு படி ஏற்றினேன், சரியாகிவிட்டது. இருநூற்று முப்பதும் நின்று நிதானமாக ஓடியது. அத்தோடு விட்டிருக்கலாம். கை அரித்தது, இருநூற்று முப்பத்தைந்து போட்டுப் பார்த்தேன். திரை கறுத்துவிட்டது. என்ன அமுக்கினாலும் உயிர் வரவில்லை. சித்தப்பா தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆனால் பதினோராம் பக்கத்தில் அதற்கும் வைத்தியம் போட்டிருந்தது. ஒயரைப் பிடுங்கிவிட்டு, உள்ளே இருக்கும் வட்டமான சின்ன பேட்டரியைக் கழற்றி, கொஞ்சநேரம் கழித்து மறுபடி மாட்டினால் மிஷின் நாம் செய்த மாற்றங்களையெல்லாம் மறந்துவிட்டுப் பழையபடி எழுந்து கொள்ளும். எழுந்து கொண்டது. நான் இருநூற்று முப்பதுக்கே திரும்பினேன்.

வியாழக்கிழமை இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி வைத்து, வீட்டிலிருந்த ஒரே டேபிள் ஃபேனை நேராக அதற்குள் திருப்பி, ரெண்டரிங்கை ஓடவிட்டேன். சூடு அறுபத்தெட்டில் நின்றது. திரையின் மூலையில் தெரியும் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நாலு மணி வாக்கில் மாப்பிள்ளையின் அப்பா படியேறி வந்தார். கூடவே மாப்பிள்ளையின் அக்கா, முப்பது வயதிருக்கும், சத்தியமங்கலத்திலிருந்து பஸ் பிடித்து வந்தவர். சித்தப்பா ஓடிப்போய் நாற்காலி போட்டார். சித்தி என்னை மிக்சர் வாங்கி வரச் சொல்லிக் கடைக்கு விரட்டினார். விருந்தாளி வந்த வீட்டில் எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்ல முடியுமா, ஓடினேன்.

திரும்பி வந்து பார்த்தால் என் மிஷின் மேல் ஒரு புது ஈரிழைத் துண்டு போர்த்தியிருந்தது. குடலைக் காட்டிக்கொண்டு நிற்கும் பெட்டியை வந்தவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று சித்தி மூடிவிட்டிருந்தார். ஃபேன் விருந்தாளிகள் பக்கம் திரும்பியிருந்தது. எங்கள் ஊரில் வந்தவர்களுக்குக் காற்று கொடுக்காமல் மிஷினுக்குக் கொடுத்தார்கள் என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? மூலையில் எண் எண்பத்து மூன்று. தொண்ணூறில் அது தானாகவே அணைந்துவிடும். அணைந்தால் கல்யாணம் மறுபடியும் முதலிலிருந்து.

துண்டை உருவி எறிந்தேன். ஃபேனைத் தூக்கப் போனேன். "ஏய், மாமாவுக்கு வேர்க்குது, வெய்யி அதை," என்று சித்தி பல்லைக் கடித்தார். சித்தப்பா என்னையும் பார்க்க முடியாமல், வந்தவரையும் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தார். எண்பத்தைந்து. நான் ஃபேனைக் கட்டிப்பிடித்தபடி, "ஏனுங்க மாமா, காத்து இல்லீன்னா உங்க கல்யாணம் நின்னு போயிருமுங்க," என்றேன். அவர் முகம் மாறியது. கல்யாணம் நின்றுபோகும் என்று யாரிடமும் சொல்லக்கூடாத வார்த்தை அது.

அந்த அக்காதான் எழுந்தார். என் கையிலிருந்த ஃபேனை வாங்கி, அவரே பெட்டிக்கு நேராக வைத்தார். "எங்களுக்கு வேர்த்தாப் பரவால்லீங்கப்பா. புள்ள அம்புட்டுக் கெஞ்சுதுல்ல," என்றார். அவர் அப்பா துண்டால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எண்பத்தைந்து எண்பதாகி, எழுபத்து நாலாகி, கடைசியில் எழுபதுக்கு வந்து நின்றது.

நாலு ஐம்பத்து நாலுக்கு ரெண்டரிங் முடிந்தது. சொன்ன நிமிஷம் பிசகவில்லை. சித்தப்பா என் தலையை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். அந்தக் கைகள் சில்லென்று இருந்தன. இனிக் கால் மணி நேர வேலைதான், ஏழு மணிக்குக் கரண்ட் வந்ததும் டிவிடியில் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று வந்தவரிடம் தலை நிமிர்ந்து சொன்னார். அவரும் சிரித்துவிட்டு மிக்சரை எடுத்தார்.

"இணைச்சீர் மட்டும் ஒருக்காப் போட்டுக் காட்டறயா கண்ணு?" என்று அக்கா என்னிடம் மெதுவாகக் கேட்டார். தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளை அவன் பக்கத்தில் உட்கார வைத்து, கூறைச்சேலையின் ஒரு முனையை அவள் கையில் கொடுத்துச் செய்கிற சீர் அது. போட்டேன். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவருடைய சித்தப்பா மகள், பட்டும் நகையுமாக உட்கார்ந்திருந்தாள். எந்த இடத்திலும் தடங்கல் இல்லை, மேளம் விக்கவில்லை. முடிந்ததும் இன்னொரு தடவை கேட்டார். இரண்டாம் தடவை பாதியில் கரண்ட் போய் யு.பி.எஸ். கத்தத் தொடங்கியது. அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

கூடப்பிறந்த அக்கா இருக்கும்போது ஏன் வேறொருத்தி அங்கே உட்கார்ந்திருந்தாள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. புருஷனைப் பறிகொடுத்தவரை அந்தச் சீரில் உட்கார விடமாட்டார்கள், முகூர்த்த நேரத்தில் அவர் பந்திக்கு இலை நறுக்கிக்கொண்டிருந்தார் என்பதெல்லாம் எனக்கு வெகுகாலம் கழித்து, என் அண்ணன் கல்யாணத்தில் இணைச்சீருக்கு அவன் பக்கத்தில் நான் போய் உட்கார்ந்த அன்று சித்தி சொல்லித்தான் தெரியும். பதிமூன்று வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் இருநூற்று முப்பதுதான். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும், நான் ஏற்றி வைத்த வேகத்தைப் பார்த்து ஒரு அக்கா அழுதேவிட்டார் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.