உருவிய கத்தியும் பாக் செனிக்கும்

பாக் செனிக் காபி குடிக்கும்போது வலது கையில் கோப்பை, இடது கையில் உருவிய கிரிஸ் கத்தி. நெளிநெளியான அந்தக் கத்தியின் உறை மட்டும் இடுப்பில் காலியாகச் செருகியிருக்கும். கடையில் அவருக்கு இரண்டு பக்கமும் ஓர் ஆள் இடம் விட்டுத்தான் நாங்கள் உட்காருவோம். தொழப் போனால் பள்ளிவாசல் முற்றத்து வாழையில் கத்தியைக் குத்தி வைத்துவிட்டு உள்ளே போவார். அந்த வாழை இனிமேல் குலை தள்ளப் போவதில்லை.

எல்லாம் தென்னை வரியால் வந்த வினை. வெள்ளைக்காரன் நிலத்துக்கு வரி போட்டான், பொறுத்தோம். தென்னைக்குப் போட்டான், வெற்றிலைக் கொடிக்கும் போட்டான். மலாய் நாட்டுக் கிளந்தானில் எங்கள் ஆற்றங்கரை முழுக்கக் கொதித்தது. பள்ளிவாசல் முற்றத்தில் ஊர் கூடியபோது முதலில் கத்தியை உருவியவர் பாக் செனிக்தான்.

"ஒரு காசு கட்டமாட்டேன். இது ரத்தம் பாக்காம உள்ள போகாது" என்றார்.

கோபத்தில் உருவிய கிரிஸை ரத்தம் படாமல் உறையில் போட்டால் குடும்பத்துக்கு ஆகாது. இது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்துதான் நாங்களும் கத்தியை உருவி ஆரவாரம் செய்தோம்.

ஆட்கள் படகேறித் துரையின் வரிக் கச்சேரிக் கட்டடத்தைக் கொளுத்தப் போன அன்று பாக் செனிக்குக்குக் காய்ச்சல். நிஜக் காய்ச்சல்தான், நெற்றியைத் தொட்டுப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். போனவர்களில் சிலர் திரும்பவே இல்லை. மிச்சமிருந்த வீரர்களான நாங்கள் ஆளுக்கொரு கோழியை அறுத்துக் கத்தியை உறையில் போட்டுவிட்டு, வரிசையில் நின்று வரி கட்டினோம்.

அவர் மனைவி மெக் யாமும் அதைத்தான் சொன்னாள். "ஒரு கோழிய அறுத்துத் தொலைங்களேன். சபதமும் தீரும், கறியும் ஆகும்."

"கோழியா எங்கிட்ட வரி கேட்டுச்சு?" என்றார் பாக் செனிக்.

விரலைக் கொஞ்சம் கீறிக்கொள்ளலாமே என்று நான் யோசனை சொன்னேன். மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது. பக்கத்து வீட்டில் சுன்னத்து நடந்தபோது வாசலிலேயே மயங்கி விழுந்தவர் அவர்.

போன வாரம் வரிப்படகு வந்தது. உருவிய ஆயுதத்தோடு யாரைக் கண்டாலும் கலகக்காரன் என்று கட்டி இழுத்துப் போகச் சிப்பாய்களுக்கு உத்தரவு. நான் அவர் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னதும் மெக் யாம் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் என்னைத்தான் பார்த்தார்.

"கட்டாதவங்க யாருமே இல்லையா?"

"யாருமில்ல பாக் செனிக்."

ஏணிப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு இடது கட்டைவிரலில் கத்தியை இழுத்தார். இரண்டு பக்கமும் நனைத்து, உறையில் செருகினார்.

சிப்பாய்களோடு உள்ளே வந்த, வரிக்கணக்கு எழுதும் கிராணி சன்னல் வழியே தென்னைகளை எண்ணினார். வரி கட்டச் சம்மதம் என்று எழுதிய காகிதத்தைப் பாயில் விரித்து, மைப்பெட்டியைத் திறந்து வைத்து, இடது கட்டைவிரல் என்றார்.

பாக் செனிக் மயங்கவில்லை. மைப்பெட்டியை மெல்ல ஒதுக்கி வைத்துவிட்டு, விரலைக் காகிதத்தில் அழுத்தினார்.