தம்புசாமி ஏரியில் விட்ட மீன்கள்

1976இல் ஒரு சனிக்கிழமை. ரவாங்கிலிருந்து கோலாலம்பூர் வரும் ரயிலில் தம்புசாமி ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தகரத்தின் வாயை ஈரச் சாக்கால் மூடியிருந்தார். உள்ளே முப்பது மீன்குஞ்சுகள், ஒவ்வொன்றும் விரல் நீளம்.

"என்ன தம்பு, உள்ள என்னமோ அடிக்குது?" என்று கேட்டார் ரயில் கார்டு.

"மீனுண்ணே. வீட்டுத் தொட்டிக்கு."

அது பொய். அந்த விஷயத்தில் தான் சொன்ன முதல் பொய் அதுதான் என்று பல வருடம் கழித்து என்னிடம் சொன்னார்.

அவருக்கு அப்போது நாற்பது வயது. ரயில்வேயில் சிக்னல் பழுது பார்க்கும் வேலை. பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் மனைவி தனலெட்சுமியோடு குடியிருந்தார். பிள்ளைகள் இல்லை. குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் சைக்கிளில் தூண்டிலைக் கட்டிக்கொண்டு சாலாக் செலாத்தானுக்குக் கிளம்பிவிடுவார். அங்கே தண்டவாளத்துக்குப் பின்னால் ஓர் ஏரி இருந்தது. ஈயம் தோண்டிவிட்டுப் போன பள்ளம். மழை பெய்து பெய்து நிரம்பி ஏரியாகிவிட்டது. கரையோரமெல்லாம் அல்லி. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றால் பாதம் தெரியும். விரால், பனையேறி, கெளுத்தி எல்லாம் உண்டு.

ஆனால் பெரிய மீன் கிடையாது. பத்து வருடத்தில் தம்புசாமி பிடித்ததில் பெரியது ஒரு முழ விரால். கூட உட்கார்ந்து தூண்டில் போடுகிறவர்கள் அதையும் கேலி செய்வார்கள்.

ரவாங்கில் சிக்னல் வேலைக்குப் போனபோது, லைனுக்குப் பக்கத்துக் குளத்தில் ஒரு சீனர் வலை இழுப்பதைப் பார்த்தார். வலையில் வந்த மீன் சின்னப் பிள்ளை கனம் இருந்தது. செதில் ஒவ்வொன்றும் ஐம்பது காசு நாணயம் மாதிரி. அந்த வாரம் முழுவதும் தம்புசாமிக்கு அதே நினைப்பு. அடுத்த சனிக்கிழமை தகரத்தோடு போய் நின்றார்.

அந்தச் சீனர் ரப்பர் தோட்டத்தில் தமிழர்களோடு வளர்ந்தவர், தமிழ் பேசுவார். "இது லீ கோ மீனு லா. பன்னி மாதிரி. மண்ணு எல்லாம் நோண்டும், வேர் எல்லாம் தின்னும். என் குளம் பாரு, ஒரு புல்லு இருக்கா? தொட்டியில வை. வெளிய போடாத."

தம்புசாமி குளத்தைப் பார்த்தார். பால் ஊற்றிய தேநீர் நிறத்தில் தண்ணீர். ஓர் இலைகூட இல்லை. இருந்தாலும், அவ்வளவு பெரிய ஏரியில் முப்பது குஞ்சு என்ன செய்துவிடும் என்று நினைத்துக்கொண்டார். அன்று மாலையே சாலாக் செலாத்தானில் இறங்கி, யாரும் இல்லாத பக்கமாகப் போய்த் தகரத்தைச் சாய்த்தார். குஞ்சுகள் அல்லித் தண்டுகளுக்குள் போய் மறைந்தன.

ஏரிக்கரையில் பலகை வீடுகள் வரிசையாக இருந்தன. அதில் ஒன்றில் பவுனம்மாள் இருந்தார். தவளையைக் கொக்கியில் குத்திப் போட்டு விரால் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பிடித்த விராலைக் கொல்லாமல் தொட்டியில் வைத்திருப்பார். ஆபரேஷன் ஆனவர்கள், பிள்ளை பெற்றவர்கள் என்றால் தமிழர், மலாய்க்காரர், சீனர் யாராக இருந்தாலும் அவர் வீட்டைத் தேடி வருவார்கள். விரால் சூப் குடித்தால் உள்காயம் சீக்கிரம் ஆறும் என்பது எல்லாருடைய நம்பிக்கையும். அதுதான் அவருக்குப் பிழைப்பு.

1978இல் தனலெட்சுமிக்குக் கர்ப்பப்பையில் ஆபரேஷன் நடந்தது. பவுனம்மாளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. ஒன்றுவிட்டு ஒரு நாள் ஈரத்துணியில் விராலைச் சுற்றி எடுத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தார். அவரே சமைத்தும் கொடுத்தார். ஒரு மாதம்.

"எதுக்கும்மா இவ்வளவு சிரமம்?" என்று தனலெட்சுமி கேட்டார்.

"அண்ணன் பத்து வருசமா என் வீட்டு வாசல்ல உக்காந்து மீன் பிடிக்கிறாரு. நம்ம ஆளுதானே, அக்கா" என்றார் பவுனம்மாள்.

அப்போதெல்லாம் தம்புசாமிக்கு லீ கோ நினைவே இல்லை. விட்ட குஞ்சுகளை விரால் தின்றிருக்கும் என்று முடிவு செய்திருந்தார்.

1982 வாக்கில் ஏரி கலங்கத் தொடங்கியது. முதலில் ஒரு மூலை, பிறகு பாதி, பிறகு முழுவதும். அல்லி வேரோடு பிடுங்கிக்கொண்டு மிதந்தது. விரால் முட்டையிடுவதற்குக் கரையோரப் புல் வேண்டும், இரையைப் பார்த்துப் பிடிக்கத் தெளிந்த தண்ணீர் வேண்டும். இரண்டும் போயின. பவுனம்மாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றாலும் ஒன்று மாட்டினால் பெரிது. வருகிறவர்களை வெறுங்கையோடு அனுப்பினார். கொஞ்ச நாளில் யாரும் வருவதில்லை. அவர் பாசாரில் கோழி உரிக்கும் வேலைக்குப் போனார்.

ஏரிக்குக் காரணம் தேடினார்கள். காரணம் கையெட்டும் தூரத்திலேயே இருந்தது போலத் தோன்றியது. விஜயன் என்ற இளைஞன் கரையில் ஒரு தகரக் கொட்டகை போட்டு மோட்டார் பட்டறை நடத்திவந்தான். தாயும் அவனும்தான். பட்டறையிலிருந்து கொஞ்சம் எண்ணெய் வழிந்து தண்ணீரில் வானவில் மாதிரி மினுக்கும். அவன்தான் ஏரியைக் கெடுத்தான் என்று பேச்சு கிளம்பியது. 1983இல் பத்துப் பேர் சேர்ந்து மாநகர மன்றத்துக்கு மனு எழுதினார்கள். முதல் கையெழுத்து பவுனம்மாளுடையது.

மனுவைத் தம்புசாமியிடம் நீட்டியபோது அவர் உடனே வாங்கவில்லை. அதற்கு மூன்று வாரம் முன்பு ஒரு காலையில், ஏரி நடுவில் ஒரு பெரிய முதுகு புரண்டு மறைவதை அவர் பார்த்திருந்தார். செதில்கள் வெயிலில் பளிச்சிட்டன.

"என்னண்ணே யோசிக்கிறீங்க? நீங்க படிச்சவரு, ரயில்வேக்காரரு. உங்க கையெழுத்து இருந்தா நல்லது" என்றார் பவுனம்மாள்.

தம்புசாமி போட்டார். பதினோராவது கையெழுத்து.

இரண்டு மாதத்தில் மாநகர மன்ற ஆட்கள் வந்து கொட்டகையைப் பிரித்தார்கள். விஜயன் சண்டை போடவில்லை. சாமான்களை ஒரு லோரியில் ஏற்றினான். அவன் தாயார் மட்டும் வீடு வீடாகப் போய், "எம்புள்ள அப்படி என்னத்த ஊத்திட்டான், சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இருவரும் கிள்ளானுக்குப் போய்விட்டார்கள். ஏரி கலங்கியபடியேதான் இருந்தது.

அடுத்த வருடம் தம்புசாமியின் தூண்டிலில் முதல் லீ கோ மாட்டியது. முக்கால் மணி நேரம் இழுத்தது. கரையில் போட்டபோது ஒன்பது கிலோ. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். எட்டு வருடம் முன்பு அவர் ஆசைப்பட்டது அதே கைதட்டலுக்குத்தான். மீனை அறுத்தபோது குடலில் மண்ணும் வேர்த்துண்டும் இருந்தன. வயிறு நிறைய முட்டை. தம்புசாமி கத்தியைக் கழுவாமலே அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிடித்துத் தீர்த்துவிட்டால் போதும் என்று தனக்குத்தானே கணக்குப் போட்டுக்கொண்டார். ஞாயிறு மட்டும் போனவர் லீவு நாளெல்லாம் போனார். ரொட்டியும் அவித்த மரவள்ளிக்கிழங்கும் பிசைந்து உருட்டி, மூன்று தூண்டில் போடுவார். பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். பக்கத்துச் சாப்பாட்டுக் கடைச் சீனர்களுக்குக் கொடுத்துவிடுவார்.

"எல்லாரும் மீன் பிடிச்சா சந்தோசப்படுவாங்க. நீங்க எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி வரீங்க" என்பார் தனலெட்சுமி. அவரிடமும் சொல்லவில்லை.

நான் அந்த ஏரிக்குப் போனது 1989இல். வீடு வீடாக மின்சார மீட்டர் படிக்கும் வேலை எனக்கு. மத்தியானத்தில் கரையில் சோற்றைப் பிரித்து உட்காருவேன். அப்படித்தான் தம்புசாமி பழக்கமானார். ஒரு நாள் பதினான்கு கிலோ மீன் ஒன்றை அவர் தூக்கியபோது நான் படம் எடுத்து, நான்கு வரி எழுதி ஒரு வார இதழுக்கு அனுப்பினேன். 'ஏரியைக் காக்கும் தம்புசாமி' என்று தலைப்புப் போட்டு வெளியிட்டார்கள்.

நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "கேக்காம ஏன் தம்பி போட்டீங்க?" என்றார். அடக்கம் என்று நினைத்தேன்.

பவுனம்மாள் அந்தப் பக்கத்தை வெட்டித் தன் வீட்டுக் கதவில் ஒட்டிவைத்தார். அந்த வழியாகப் போன தம்புசாமியை நிறுத்திக் காட்டினார். "அந்தப் பய கெடுத்த ஏரிய நீங்க ஒருத்தர்தான் அண்ணே சுத்தம் பண்றீங்க."

மறுநாள் தம்புசாமி வேலைக்குப் போகவில்லை. கிள்ளானுக்குப் பஸ் ஏறினார். விஜயனைத் தேட அரை நாள் ஆனது. துறைமுகச் சாலையில் யாரோ ஒருவருடைய லோரிப் பட்டறையில் கூலிக்கு இருந்தான். தலையில் நரை விழுந்திருந்தது. தம்புசாமி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்: தகரம், சீனர் எச்சரித்தது, முதுகு புரண்டது, கையெழுத்து.

விஜயன் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான். "மீனா?" என்றான் கடைசியில்.

"ஆமா."

"அம்மா போன வருசம் செத்துப்போச்சு. கடைசி வரைக்கும் நான் ஏதோ ஊத்திட்டேன்னுதான் நெனச்சிருக்கும். எத்தன தடவ சொன்னேன், நம்பல."

விஜயன் துணியை ஓரமாக எறிந்தான்.

"இப்ப நான் என்ன செய்யணும், அண்ணே? பரவால்லன்னு சொல்லணுமா?"

"வேணாம்பா."

"அப்ப எங்கிட்ட வந்து ஏன் சொல்றீங்க? அங்க போய் சொல்லுங்க." விஜயன் லோரிக்கு அடியில் படுத்து வேலையைத் தொடர்ந்தான். தம்புசாமி கொஞ்ச நேரம் அவன் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பினார்.

நேராகப் பவுனம்மாள் வீட்டுக்கு வந்தார். நானும் அப்போது கரையில் இருந்தேன்; அவர் குரல் எனக்கும் கேட்டது. பவுனம்மாள் வாசல்படியில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். அழவில்லை, திட்டவில்லை.

"மீனு விட்டீங்க, சரி. ஆசை. யாருக்குத்தான் இல்ல. ஆனா அந்தப் பேப்பர நான் நீட்டுனப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அந்தம்மா வந்து எம்புள்ள என்ன பண்ணுனான்னு கேட்டுச்சு. நான் கதவ சாத்துனேன். என்னைச் சாத்த வச்சிட்டீங்களே அண்ணே."

உள்ளே போனார். கதவில் ஒட்டியிருந்த பக்கத்தைக் கிழிக்கக்கூட இல்லை. பேசுவதை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான்.

தம்புசாமி மனுவில் கையெழுத்துப் போட்ட மற்றவர்களையும் ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தார். மூன்று பேர் செத்துப்போயிருந்தார்கள். இருந்தவர்களில் ஒருவருக்கு விஜயன் என்ற பெயரே நினைவில்லை. இன்னொருவர் சிரித்தார்: "மீன்தானே, விடுங்க லா. எப்பவோ நடந்தது." காஜாங்குக்குக் குடிபோயிருந்த ஒருவர் குச்சியில் குத்திச் சுட்ட சாத்தே இறைச்சி வாங்கிக் கொடுத்து உபசரித்தார். அந்தச் சாத்தேயை விழுங்க முடியவில்லை என்று தம்புசாமி சொன்னார். நாலு வார்த்தை ஏசியிருந்தால் இறங்கியிருக்கும் என்றார். விஷயம் தெரிந்தபோது தனலெட்சுமி மட்டும், அன்று தான் குடித்த சூப்பை நினைத்து, இரண்டு நாள் சமைக்காமல் படுத்திருந்தார்.

நான் அந்த வார இதழுக்கு நடந்ததை எழுதி அனுப்பினேன். அவர்கள் போடவில்லை.

தம்புசாமி ஏரிக்குப் போவதை மட்டும் விடவில்லை. ஒரு வருடம் அப்படியே ஓடியது. பவுனம்மாள் அவரைக் கடந்து போவார். திரும்பிப் பார்க்க மாட்டார். 1991 மழைக்காலத்தில் ஒரு காலை, மழை விட்ட நேரம், பவுனம்மாள் வந்து அவர் பின்னால் நின்றார்.

"தூண்டில்ல எத்தன வருசம் பிடிப்பீங்க? ஒண்ணு பிடிச்சா ஆயிரம் பொரிக்குது."

தம்புசாமி எழுந்துகொண்டார்.

"கால்வாய் வந்து விழுற இடத்துல பாருங்க. மழை விட்டதும் அங்கதான் வந்து முட்டை போடுது. புல்லுல ஒட்டிக்கும். லாலாங் புல்லக் கட்டுக் கட்டா கட்டி தண்ணிக்குள்ள போடுங்க. போட்ட மறுநாளே தூக்கி வெயில்ல காய வச்சிடணும். ரெண்டு நாள் விட்டா பொரிச்சிடும்."

எல்லாவற்றையும் பவுனம்மாள் பல மாதமாகக் கவனித்து வைத்திருந்தார். மன்னித்ததாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்து மழைக்காலம்தோறும் இருவரும் லாலாங் அறுத்துக் கட்டினார்கள். வெளியே இழுத்துப் போடும்போது கட்டு முழுவதும் கடுகு ஒட்டியது மாதிரி முட்டை இருக்கும். வெயிலில் வெளுத்து, சுருங்கி உதிரும். வேலையைப் பற்றி மட்டும் பேசிக்கொள்வார்கள். நானும் சில நாள் கட்டு இழுத்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு தம்புசாமி வருடம் ஒருமுறை கிள்ளானுக்குப் போனார். பட்டறை வாசலில் நின்று விஜயனைப் பார்த்துவிட்டு வருவார். இரண்டு தடவை விஜயன் பார்த்தும் பார்க்காததுபோல இருந்துவிட்டான். மூன்றாவது தடவை, "வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க" என்று மட்டும் சொன்னானாம். தம்புசாமி உள்ளே போகவில்லை. அதற்குத் தனக்குத் தகுதி இல்லை என்று தோன்றியதாகச் சொன்னார். அது சரியா தப்பா என்று என்னிடம் கேட்டார். போயிருக்க வேண்டும் என்றேன். அடுத்த வருடம் போனபோது விஜயன் வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தான். எங்கே என்று பட்டறையில் யாருக்கும் தெரியவில்லை.

1995இல் கால்வாய்ப் பக்கத்து மூலையில் தண்ணீர் ஓரளவு தெளிந்தது. ஒரு காலையில் பவுனம்மாள் கைகாட்டினார். புல்லுக்குள் சிவப்பாக, ஒரு தட்டு அகலத்துக்கு, விரால் குஞ்சுகள் கூட்டமாக மிதந்தன. அடியில் தாய் விரால் அசையாமல் நின்றது.

தம்புசாமி குனிந்து வெகுநேரம் பார்த்தார். எனக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை. "பாருங்கண்ணே, வந்திடுச்சு" என்றேன்.

"ம்" என்றார். "இத அந்தம்மா பாக்கலியே."

விஜயனின் தாயாரைச் சொல்கிறார் என்று எங்கள் இருவருக்கும் புரிந்தது. பவுனம்மாள் அரிவாளை எடுத்து, புல் அறுக்கப் போனார். அவர் பின்னாலேயே தம்புசாமியும் போனார்.