செத்துப்போன மகளுக்கு உளுந்தஞ்சோறு

இன்று காலை சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் என் அம்மாவைப் பார்த்தேன். இரண்டு வருஷம் கழித்து!

அம்மாவும் என்னைப் பார்த்தாள். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவளைத் தப்பாக நினைக்காதீர்கள். அவள் கணக்கில் நான் செத்துப்போனவள். என் போட்டோவுக்கு மாலை போட்டுப் பதினாறாம் நாள் காரியம் வரை முடித்துவிட்டார்கள். (அன்றைக்கு நான் ஃபேக்டரியில் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்தேன்!)

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அப்பா போன துக்கத்தில் அம்மா ஒரு கூட்டத்தில் சேர்ந்தாள். திருநெல்வேலிப் பக்கம். எனக்கு அப்போது பதினான்கு வயது, என்னையும் கூட்டிக்கொண்டுதான் போனாள். பெயர் வேண்டாம். உள்ளே இருப்பவர்கள் 'குடும்பம்' என்பார்கள். அதன் தலைவர் பெரியவர், அவர் சொல்வதுதான் சட்டம். படிக்க, சிரிக்க, தலைக்குக் குளிக்கக்கூட பர்மிஷன்!

வெளியே போனவர்கள் செத்தவர்கள். கண்ணில் பட்டால் முகத்தைத் திருப்ப வேண்டும். ஒரு வார்த்தை பேசினாலும் ஒன்பது நாள் தனி அறை, ஒருவேளைக் கஞ்சி.

அம்மாவுக்கு அந்த அறை தெரியும். வெளியே இருக்கும் என் சித்தியிடம் அவள் ரகசியமாகப் போனில் பேசியதைப் பெரியவரிடம் போட்டுக்கொடுத்தது நான்தான். எல்லாரும் எனக்குக் கைதட்டினார்கள். நானும் பெருமையாக நின்றேன். பாவி நான்.

ஒரு நாள் துணி வாங்க அனுப்பியபோது அப்படியே பஸ் ஏறிவிட்டேன். இங்கே வந்து ஃபேக்டரியில் சேர்ந்தேன்.

என் லைனில் தேவி. மணிமங்கலத்துப் பெண். முதல் வாரம் பாத்ரூம் போக அவளிடம் அனுமதி கேட்டேன். "இன்னாடி இது, அதுக்குலாம் என்னை ஏண்டி கேக்குற? எய்ந்து போ!" என்று கத்தினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றிலிருந்து அவள்தான் எனக்கு எல்லாம்; என் கதை முழுக்க அவளுக்குத் தெரியும்.

சாமி கும்பிடவே கை வராமல் இருந்தது. தேவி அவள் ஊர்க் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். தீபாராதனையின்போது கும்பிடாமல் மரம் மாதிரி நின்றேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஐயர் எனக்கும் துளசி கொடுத்தார். ஏழாவது தடவை போனபோது கை தானாகச் சேர்ந்தது.

அப்புறம் ஜெபராஜ். பக்கத்துக் கம்பெனியில் மெயின்டனன்ஸ். பிடித்திருக்கிறது என்று அவன் சொன்னதும், "யார்ட்ட பர்மிஷன் வாங்கணும்?" என்று கேட்டேன். (சிரிக்காதீர்கள், நிஜமாகவே கேட்டேன்!)

"உங்கிட்டதான்" என்றான்.

அடுத்த மாதம் கல்யாணம். அதை அம்மாவிடம் சொல்ல வேண்டும். இவ்வளவு நாளும் அது ஒன்றுதான் நெஞ்சில் முள்ளாக இருந்தது.

இன்று நைட் ஷிப்ட் முடிந்து தேவியும் நானும் டீக்கடையில் நிற்கிறோம். எதிரே அம்மா, கையில் 'குடும்ப'த்தின் நோட்டீஸ் கட்டு. மூன்றடி தள்ளிக் காவலுக்கு ஓர் அக்கா. இளைத்துக் கறுத்து, பாதி ஆளாக இருந்தாள் என் அம்மா.

"அம்மா!" என்று கூப்பிட்டுவிட்டேன்.

அக்கா சட்டென்று அம்மாவின் வாயையே பார்த்தாள். அம்மா வாயைத் திறக்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டேன். மறுபடியும் நானே அவளை அந்த அறைக்கு அனுப்பப் பார்த்தேனே!

தேவி டீ கிளாஸை வைத்தாள். "நீ இங்கியே நில்லு. வாயத் தொறந்த, கொன்னுடுவேன்."

துப்பட்டாவை இழுத்துத் தாலியை மறைத்துக்கொண்டு (அவளுக்கு இரண்டு பிள்ளைகள்!) நேராக அம்மாவிடம் போனாள்.

"நோட்டீஸ்லாம் வோணாம் ஆண்ட்டி. படிக்க டைம் கீதா எனக்கு? அடுத்த மாசம் கல்யாணம். எனக்கு அம்மா கூட இல்ல, நானே ஓடியாடி எல்லாம் பாத்துகினு கீறேன்."

அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. தேவியின் தோளுக்கு மேலே என்னை ஒரு தடவை பார்த்தாள். புரிந்துகொண்டாள்.

"மாப்பிள்ள எப்படிம்மா? குடிப்பானா?"

"டீ மட்டும்தான் ஆண்ட்டி. தங்கமான மனுசன்."

"ஒன்னய அடிக்க மாட்டாம்லா?"

"அய்ய, கொசுவக் கூட அடிக்க மாட்டாரு!"

"சரி" என்றாள் அம்மா. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அக்கா அதட்டினாள். "பேச்சு போதும். கிளம்புங்க."

அம்மா தன் பையிலிருந்து ஒரு டிபன் பாக்ஸை எடுத்தாள். இன்று அமாவாசை, தங்கிய இடத்தில் விடியுமுன்னே ஆக்கிப் படைத்திருப்பாள். எல்லாப் பண்டிகையையும் நிறுத்திய பெரியவரால், செத்தவர்களுக்குச் சோறு வைப்பதை மட்டும் நிறுத்த முடியவில்லை.

"எம் மவ செத்துப் போயிட்டா தாயி. அவளுக்குப் படைச்சது. காக்காவுக்குப் போட்டுருதியா?"

அக்காவால் தடுக்க முடியவில்லை. விதியில் இதற்குத் தடை இல்லை.

தேவியின் கையில் பாக்ஸைக் கொடுத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே அம்மா 'குடும்ப'த்தின் வேனில் ஏறிவிட்டாள். நான் பின்னால் ஓடவில்லை. ஓட முடியாது.

உள்ளே உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். நான் வயதுக்கு வந்தபோது அம்மா தினமும் ஆக்கிப் போட்டது. மூடியில் என் பெயர். செத்தவர்கள் பெயரைப் பாத்திரத்திலிருந்து சுரண்டிவிட வேண்டும் என்பதும் விதிதான். அம்மா சுரண்டவில்லை.

நான் இங்கே இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது (சித்திதான் சொல்லியிருக்க வேண்டும்). தெரிந்துதான் நோட்டீஸ் கொடுக்க இந்த ஊருக்கு வந்திருக்கிறாள்!

"துன்னுடி காக்கா" என்றாள் தேவி. அவளும் அழுதாள். முதல் உருண்டையை நிஜக் காக்காவுக்கு வைத்துக் கும்பிட்டுவிட்டு, மிச்சத்தை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.

பாக்ஸைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். அடுத்த அமாவாசைக்குள் எனக்குக் கல்யாணம் முடிந்திருக்கும். அன்றைக்கும் அதே ஸ்டாப்பில் நிற்பேன். அவளை விடுவார்களா, தெரியாது.

வந்தால், பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது இல்லையா?

காவலுக்கு வருபவள் திறந்து பார்த்தாலும் அம்மா மாட்டிக்கொள்ளாதபடி, செத்துப்போன மகள் அதில் என்ன வைத்துக் கொடுக்கலாம்? சொல்லுங்கள்.